அம்சவேணியின் போன் உடைந்த விதம்

ஜூன் 9, திங்கள்

அம்சவேணியின் போன் உடைந்துவிட்டது. சார்ஜில் போட்டிருந்தபோது மேசையிலிருந்து தவறி விழுந்தது. யாராவது கேட்டால் தேதியோடு சொல்ல வசதியாக இருக்கும் என்று எழுதிவைக்கிறேன்.

இதை எழுத ஒரு டைரியைத் தேடி எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. நான் சர்வீஸில் இருந்தவரை ஜனவரி பிறந்தால் வீட்டில் டைரி குவியும். டிரைவிங் ஸ்கூல்காரன், இன்சூரன்ஸ்காரன், லாரிக்குப் பாடி கட்டுகிறவன் என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கும்பிட்டு நிற்பான். அம்சவேணி அதைப் பால்காரருக்குக்கூடக் கொடுப்பாள். ரிடையர் ஆன பிறகு வந்த ஜனவரியில் நாலு டைரி வந்தது. இந்த ஜனவரியில் ஒன்றும் இல்லை. பொள்ளாச்சிக்காரர்களின் மரியாதைக்கும் லாரிக்கு இருப்பதுபோல எஃப்.சி. காலாவதி தேதி உண்டு போலிருக்கிறது. பரணில் கிடந்த பழைய டைரியில் தேதியை அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் நாச்சிமுத்து. மோட்டார் வாகன ஆய்வாளர், ஓய்வு. ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் எட்டுப் போடச் சொல்லி ஓட்டுநர் உரிமம் கொடுத்தவன். கொடுக்காமல் திருப்பி அனுப்பியதே அதிகம்.

அம்சவேணி மத்தியானம் ஆனைமலைக்குக் கிளம்பிப் போனாள். அவள் தங்கை கலாமணியின் பேத்திக்குக் காதுகுத்து என்று மட்டும் சொன்னாள். பெரிய பையாக எடுத்துக்கொண்டு போனாள். காதுகுத்துக்கு எதற்கு இத்தனை பெரிய பை என்று கேட்க நினைத்தேன். அவள் பேசுகிற நிலையில் இல்லை. போன் உடைந்த வருத்தம்.

சாயங்காலம் காபி நானே போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. கேஸ் கம்பெனிக்காரன் இந்த அடுப்பை ஒழுங்காகச் செய்யவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாசாணியம்மன் மொபைல்ஸ் என்று ஒரு கடை. உடைந்த போனோடு போனேன். ரிப்பேர் செய்கிறவர் யார் என்று கேட்டேன். "நாந்தானுங்க சார், உக்காருங்க" என்றாள் ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் திலகவதி. நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். வேறு கடை பார்க்கலாமா என்று யோசித்தேன். வெயில் கொளுத்தியதால் உட்கார்ந்தேன்.

"எப்படீங்க சார் ஒடஞ்சுது?"

"சார்ஜ் போட்டிருந்துச்சு. மேசைல இருந்து கீழ விழுந்துருச்சும்மா."

அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கீழ விழுந்தா மூலைதானுங்க மொதல்ல அடி வாங்கும். கீறலு அங்கிருந்துதான் கெளம்பும். இதுல நாலு மூலையும் அப்புடியே புதுசா இருக்குதுங்க. நட்ட நடுவுல அடி. இது விழுந்த ஒடசல் இல்லீங்க. எறிஞ்ச ஒடசலுங்க."

நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன்.

ஒரு ஊசியால் விரிசலுக்குள் லேசாகக் கிளறி, ஊசி முனையைக் காட்டினாள். "சுண்ணாம்புத் தூளுங்க. ரோஸ் கலரு. உங்கூட்டுச் செவுரு ரோஸ் டிஸ்டெம்பருங்களா சார்?"

எவ்வளவு மரியாதை பாருங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டுக் கன்னத்தில் அறைகிறாள். விபத்துக்குள்ளான வண்டியைப் பார்த்து, டிரைவர் தூங்கினானா, பிரேக் போனதா என்று சொல்லத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. "பிரேக் புடிக்கலீங்க ஐயா" என்று அழுத எத்தனை பேரை டயர் தடத்தைக் காட்டி வாயடைத்திருக்கிறேன்! எனக்கே ஒருத்தி ரிப்போர்ட் எழுதுகிறாள். அவள் சொன்னதில் தொழில்ரீதியாக ஒரு தப்பும் இல்லை என்பது இன்னும் எரிச்சல்.

பிறகு குண்டூசியால் சிம் தட்டை வெளியே இழுத்தாள். காலியாக இருந்தது.

"சிம்மு இல்லீங்களே?"

"ஊருக்குப் போனா. எடுத்துட்டுப் போயிருப்பா."

"ஒடஞ்ச போன்ல இருந்து சிம்ம மட்டும் கழட்டிட்டுங்களா?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரிங்க சார்" என்று முடித்துக்கொண்டாள்.

ஒரிஜினல் டிஸ்ப்ளே கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம், மூன்று நாள் ஆகுமாம். மாற்றிய பிறகு போனைத் திறந்து, டச் எல்லா இடத்திலும் வேலை செய்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பாளாம். அதற்கு லாக் நம்பர் வேண்டும்.

"ஒண்ணு நாலு ஒண்ணு ரெண்டு. எழுதிக்க."

"நிச்சயமாத் தெரியுமுங்களா சார்?"

"என் பொறந்த நாளும்மா அது. வேற என்னத்த வெச்சிருக்கப் போறா?"

அவள் பேப்பர் டேப்பில் அதை எழுதிப் போனின் முதுகில் ஒட்டினாள்.

ஜூன் 11, புதன்

பக்கத்து வீட்டு தெய்வானை வந்து அம்சவேணிக்குப் போன் போகவில்லையே என்று கேட்டாள். பூனை தள்ளிவிட்டுப் போன் உடைந்துவிட்டது என்று சொன்னேன். மேசையில் இருந்ததைப் பூனை தள்ளியிருக்கவும் கூடும்தானே.

"உங்கூட்ல ஏதுங்க பூனை?" என்றாள்.

ஊரில் எத்தனையோ பூனை. எல்லாம் இவளிடம் சொல்லிவிட்டா வரும்?

ரசம் வைத்தேன். கொட்டிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஆனைமலையிலிருந்து போன் வரவில்லை. காதுகுத்து வீட்டில் வேலை இருக்கும். நானும் கூப்பிடவில்லை. முதலில் அவள்தான் கூப்பிட வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, மூன்று நாளாக வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது! ஹாலில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தழும்பு தெரிகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

தெய்வானை மறுபடி வந்தாள். அக்கா எப்போது வரும், காலை வாக்கிங்குக்குத் துணை இல்லாமல் போரடிக்கிறது என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். அம்சவேணி மூன்று மாதமாகக் காலை ஆறு மணிக்கு வாக்கிங் போனது உண்மை. ஷூ வாங்கினாள். நடக்கப் போகிறவள் கையில் எதற்குக் கைப்பை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. திரும்பி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி இட்லி ஊற்றுவாள். சர்க்கரை குறைந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கடையிலிருந்து அழைப்பு. "டிஸ்ப்ளே மாத்தியாச்சுங்க சார். நீங்க சொன்ன நம்பரு ஆகலீங்க."

போனேன். நம்பரை அவள் தப்பாக அடித்திருப்பாள் என்று நானே அடித்தேன். ஆகவில்லை. கல்யாண நாளை அடித்தேன். ஆகவில்லை. பெங்களூரில் இருக்கும் பையனின் பிறந்த நாள். ஆகவில்லை. என் பழைய ஜீப்பின் நம்பரைக்கூட அடித்துப் பார்த்தேன். எதற்கு அடித்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அத்தோடு போன் கொஞ்ச நேரத்துக்கு எதையும் வாங்க மாட்டேன் என்று பூட்டிக்கொண்டது. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரிந்த நம்பர் இவ்வளவுதான்.

பூட்டிக்கொண்ட திரையில் ஒரு படம் பளிச்சென்று தெரிந்தது. புதுக் கண்ணாடி அல்லவா, மூக்கு முடி வரைக்கும் தெரிகிறது. 'எல்' போர்டு ஒட்டிய கார். அதன் முன்னால் ஐந்து பெண்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் அம்சவேணி. ஷூ போட்டிருக்கிறாள். கையில் கைப்பை. அவளுக்கு இடப்பக்கம் நிற்பது திலகவதி.

திலகவதியும் அப்போதுதான் அதை உற்றுப் பார்த்தாள்.

"அட! அம்சாக்கா போனுங்களா இது? அப்ப நீங்கதானுங்களா அந்த..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த என்ன? கடைசிவரை சொல்லவில்லை.

"நாங்க ஒரே பேட்ச்சுங்க சார். காலைல ஆறு டு ஏழு. அக்கா மொதத் தடவையே பாஸுங்க. எனக்கு ரெண்டாவது தடவைதானுங்க கெடச்சுது. அக்காளுக்கு லைசென்ஸு வந்துருச்சுங்களா?"

வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு வந்தது. அம்சவேணி சமையலறையில் இருந்தாள். போன் மேசையில் சிணுங்கியது, எடுத்துப் பார்த்தேன். உங்கள் ஓட்டுநர் உரிமம் அங்கீகரிக்கப்பட்டது என்று அவள் பெயர் போட்டிருந்தது. என் கண்ணுக்கு அந்தச் செய்தி மட்டும்தான் தெரிந்தது, பின்னால் இருந்த படம் தெரியவில்லை.

திலகவதிக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. போனைக் கொடு, டச் எல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அது ஆகாதுங்க சார். தெறந்து பாக்காம யாருக்கும் குடுக்கறதில்லீங்க. அக்காளையே வரச் சொல்லுங்க" என்று போனை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினாள். 'ங்க'வுக்கு மட்டும் குறைவே இல்லை.

ஜூன் 14, சனி

வேறு வழி இல்லாமல் கலாமணிக்குப் போன் செய்தேன்.

"காதுகுத்தெல்லாம் நல்லா முடிஞ்சுதா?"

"ஆருக்குங்க மாமா காதுகுத்து? எம்பேத்திக்குக் காது குத்தி ரெண்டு வருசமாச்சுங்க. நீங்கதான் மொதப் பந்தில உக்காந்து ரெண்டாந்தடவ பாயாசம் கேட்டீங்க."

"அது இருக்கட்டும். அக்காளக் கூப்புடு."

"அக்கா கோயலுக்குப் போயிருக்குதுங்க. மாசாணியம்மனுக்கு மொளகா அரைக்க."

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவன் யாரென்று தெரியாவிட்டால், மிளகாயை அரைத்து அங்கிருக்கும் நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. நகை திருடினவனுக்கு அரைப்பார்கள், நிலத்தை ஏமாற்றினவனுக்கு அரைப்பார்கள். நான் என்ன திருடனா?

"எதுக்கு மொளகா?"

"போன ஒடச்சது ஆருன்னு தெரிலயாமுங்க. எம்போன்ல இருந்து அக்கா எல்லாருகிட்டயும் பேசுச்சுங்க. மேசைல இருந்து விழுந்துச்சுன்னு கடைல திலகவதிகிட்டச் சொன்னீங்களாமா. பூனை தள்ளி உட்டுருச்சுன்னு தெய்வானைகிட்டச் சொன்னீங்களாமா. குழப்பமா இருக்குது, அம்மங்கிட்டயே கேட்டுக்கறேன்னுட்டுப் போயிருக்குதுங்க."

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்பு.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்கு வரச் சொல் என்று வைத்துவிட்டேன். படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல நான். மத்தியானத்திலிருந்து கண் எரிகிறது. வெயில்தான். கை, கழுத்தெல்லாம்கூட லேசாக எரிகிறது. இந்த வருஷம் வெயில் அதிகம். இரண்டு தடவை குளித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இதை நான் மட்டும்தானே படிக்கப் போகிறேன். போன் மேசையிலிருந்து விழவில்லை. என் கையிலிருந்து போனது. கொஞ்சம் வேகமாகப் போனது. ஹால் சுவர் வரைக்கும் போனது.

அம்சவேணி சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். கீழே குனிந்து போனை எடுத்தாள். காதிலிருந்த தோட்டைக் கழற்றி அதன் கம்பியால் சிம் தட்டைத் திறந்து, சிம்மை எடுத்துத் தாலிக்கொடியின் ஊக்கில் மாட்டியிருந்த சின்னப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போனை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அத்தோடு தீர்ந்திருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டாள்தான், எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுங்களேன் என்று. கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவளுக்கு எதற்கு என்றேன். தெரியாததால்தானே கேட்கிறேன் என்றாள். வந்திருந்த ஆட்கள் முன்னால் அதை ஒரு ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று இருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

பத்தரைக்கே கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். சலவைச் சட்டை. தண்ணீர் வாளிக்குள் போனைப் போட்ட ஒரு அம்மாவும், கண்ணாடி ஒட்ட வந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

பதினொன்றுக்கு வெளியே ஒரு பழைய வெள்ளைக் கார் வந்தது. ஒரு பால் வேனுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்குத்தான் இடம். முன்னால் போய், ஒரே வெட்டில் ரிவர்ஸில் வந்து அதற்குள் நின்றது. பரவாயில்லையே, யாரோ கையில் சரக்குள்ள ஆள் என்று வாய்விட்டே சொன்னேன். கதவைத் திறந்துகொண்டு அம்சவேணி இறங்கினாள்.

திலகவதி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனமலைல இருந்து தனியாவா வந்தீங்க அக்கா?" என்றாள். "கூட வேற ஆரு?" என்றாள் அம்சவேணி. எனக்கு ஒரு தலையசைப்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுப்பது மாதிரி.

டிராயரிலிருந்து போன் வந்தது. அம்சவேணி வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அப்புடித் திரும்புங்க."

திரும்பினேன். திலகவதி, வாளி அம்மா, கண்ணாடிக்காரர்கள் எல்லோரும் பார்க்கலாம், நான் மட்டும் சுவரைப் பார்க்க வேண்டும். நாலு தட்டு சத்தம் கேட்டது. திறந்துகொண்டது. திலகவதி விரலால் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, எல்லா இடத்திலும் டச் பிடிக்கிறது என்றாள். முதுகில் ஒட்டியிருந்த டேப்பை அம்சவேணி உரித்தாள். எழுதியிருந்ததைப் படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்காமல் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். தாலிக்கொடியின் சின்னப் பையிலிருந்து சிம்மை எடுத்துப் போனில் போட்டாள்.

"மொளகா அரச்சியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லீங்க. வாங்கி வெச்சிருக்கறேன். ஒடச்ச ஆளு வாயில இருந்தே வருதான்னு பாத்துட்டு அரைக்கலாம்னு இருந்தேன். சொல்லுங்க. எப்படீங்க ஒடஞ்சுது?"

வாளி அம்மா தன் போனை மறந்துவிட்டு என் வாயைப் பார்த்தாள். விபத்து செய்த டிரைவர்கள் என் முன்னால் எப்படி நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"நாந்தான் எறிஞ்சேன். செவுத்துல."

"எதுக்குங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கோபத்தில் என்றேன். எதற்குக் கோபம் என்றாள். சொல்லாமல் செய்ததற்கு என்றேன். சொன்னா உட்டிருப்பீங்களா என்றாள். நான் சட்டைப் பொத்தானைத் திருகினேன். அவள் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றாள். நான் யாருக்கும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

"செரிங்க. தெரிஞ்சா கூப்புடுங்க. போன்தான் நல்லாயிடுச்சுங்களே."

"ஊட்டுக்கு வல்லியா?"

"காதுகுத்து முடியட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், கிளம்பினாள். ஏதாவது ஒரு தப்பு செய்வாள் என்று திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். செய்யவில்லை.

அதே நாள், சாயங்காலம்

எதற்கு எறிந்தேன் என்பது இப்போது தெரிகிறது. எழுதுகிறேன்.

இந்த ஊரில் யார் வண்டி ஓட்டலாம், யார் ஓட்டக் கூடாது என்று இருபத்தெட்டு வருஷம் நான் சொன்னேன். அவளுக்கு மட்டும் வீட்டிலேயே கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் என்னைக் கேட்கவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. நான் நின்ற அதே மைதானத்தில், எனக்குக் கீழே வேலை பார்த்த பையனிடம் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தெய்வானைக்குத் தெரியும், போன் கடைக்காரிக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் அல்லவா. இட்லி ஊற்றிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாளே, அது என்னோடு இருக்கிற சந்தோஷம் இல்லை என்று அந்தச் செய்தியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதைத்தான் தூக்கி எறிந்தேன்.

மணி ஆறு பத்து. அவள் நம்பருக்கு, இந்த எட்டு நாளில் முதல் தடவையாக, அடித்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தது.

ஆறு இருபது. மறுபடி. எடுக்கவில்லை.

கலாமணிக்கு அடித்தேன். "அக்கா எங்கூட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருக்குதுங்க மாமா."

"எங்க?"

"சொல்லலீங்க."

வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது. என்னிடம் உரிமம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன், ஒருத்தனும் கேட்கவில்லை. அவளுக்கு நான் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கேயாவது ஓரமாக நிறுத்தினால் பார்ப்பாள். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன்.